படிக்கிற கண்ணாடி

கதை சொல்வதில் எலும்பு வக்கீலை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது என்று அவருடைய மச்சானே ஒத்துக்கொள்வார். மச்சான் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை வாங்குவது கல்லில் நார் உரிக்கிற வேலை. கல்யாணமாகி முப்பத்திரண்டு வருஷத்தில் தங்கையின் புருஷனைப் பற்றி அவர் மனதாரச் சொன்ன நல்ல வார்த்தை இந்த ஒன்றுதான்.

எலும்பு வக்கீல் என்பது கோர்ட்டில் கூட வேலை பார்க்கிறவர்கள் வைத்த பெயர். அவர் எடுப்பதெல்லாம் விபத்து வழக்கு. கை முறிந்தவர், கால் போனவர், இடுப்பு விலகி உட்கார முடியாமல் நின்றபடியே பேசுகிறவர் என்று காலை எட்டு மணிக்கே வாசலில் கூட்டம் நிற்கும். மேசையில் காகிதம் பறக்காமலிருக்க ஒரு பிளாஸ்டிக் முழங்கால் மூட்டை வைத்திருப்பார். எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால் போதும், எத்தனை சதவீத ஊனம் என்று டாக்டருக்கு முன்னால் சொல்லிவிடுவார். சாட்சி சொல்ல வருகிறவர்களுக்கு அவர் கொடுக்கும் அறிவுரையும் பிரசித்தம். "கூண்டுக்கு மெதுவா வாங்க. ஆனா நடிக்காதீங்க. நடிக்கிறது என் வேலை."

அடிபட்டவர் பக்கம் நிற்கிற ஆள் தான் என்பதில் அவருக்கு உள்ளூர ஒரு பெருமை உண்டு. அந்தப் பெருமையோடுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்துகொண்டிருந்தார்.

மகளுக்குப் பிடித்த பையன் வீட்டார் சாப்பிட வருகிறார்கள். மகள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே பிரிவில் வேலை பார்க்கிறாள். பையன் அதே ஆஸ்பத்திரியில் கண் பரிசோதகன். இரண்டு வருஷப் பழக்கம். பையனை அவருக்கு ஏற்கெனவே பிடித்துப்போயிருந்தது. பெற்றவர்களைத்தான் இன்னும் பார்க்கவில்லை. அம்மா தையல் வேலை, அப்பா ஒரு கிடங்கில் மேற்பார்வை என்று மகள் சொல்லியிருந்தாள்.

"ஏங்க, தயவுசெஞ்சு நீங்களே பேசிக்கிட்டிருக்காதீங்க. அவங்களையும் பேச விடுங்க" என்றாள் மனைவி.

"நான் எங்கடி பேசுறேன்?"

"இதோ, இப்போ பேசுறீங்களே."

வந்தார்கள். பையனின் அப்பா ஒல்லியான மனிதர். மழுங்கச் சிரைத்த முகம், தலையில் பாதிக்கு மேல் வழுக்கை. சட்டையின் மேல் பொத்தான்வரை போட்டிருந்தார். வணக்கம் சொன்னபோது வக்கீலின் முகத்தைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார். கூச்ச சுபாவம் போலிருக்கிறது என்று வக்கீல் நினைத்துக்கொண்டார். பையனின் அம்மா வீட்டுத் திரைச்சீலையின் ஓரத் தையலைத் தடவிப் பார்த்து, "கையால போட்டதா?" என்று கேட்டதில் இரண்டு பெண்களும் பத்து நிமிஷத்தில் ஒன்றாகிவிட்டார்கள்.

சாப்பாடு நன்றாகவே நடந்தது. பையனின் அப்பா மட்டும் அதிகம் பேசவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னார். போதும் என்று கையைக் காட்டினார். அந்த மௌனத்தை எப்படியாவது உடைக்க வேண்டும் என்று வக்கீலுக்கு அரிப்பு. அதற்கு வழி கண்டுபிடித்தவர் மச்சான்.

"மாப்ளை, அந்தக் கண்ணாடிக் கேஸைச் சொல்லுங்களேன். சம்பந்தி வீட்டுல கேட்டிருக்க மாட்டாங்க."

"அது எதுக்கு இப்போ, மச்சான்" என்றார் வக்கீல், எழுந்து நிற்க வசதியாக நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டே.

மனைவி உதட்டைக் கடித்தாள். மகள் பையனைப் பார்த்து, தப்பிக்க வழியில்லை என்பதுபோலக் கண்ணைச் சிமிட்டினாள்.

"பதினாறு வருஷம் ஆச்சு, சம்பந்தி" என்று ஆரம்பித்தார் வக்கீல். "பஸ் ஒண்ணு சரிவுல இறங்கி நேரா நடைபாதையில ஏறிடுச்சு. துணி தேய்க்கிற அம்மா ஒருத்தங்க. வலது கால் முழங்காலுக்குக் கீழே போச்சு. கம்பெனி என்ன சொல்லுது தெரியுமா? அந்தம்மா குறுக்கே வந்தாங்களாம்! நடைபாதையில எங்கேங்க குறுக்கே வர்றது? கம்பெனிக்குச் சாட்சி டிரைவர். மலை மாதிரி ஆளு. இவ்வளவு பெரிய மீசை. நானும் முக்கால் மணி நேரம் கேள்வியா கேக்குறேன், அசையவே இல்ல. சரி, இது சரிப்படாதுன்னு ஒரு காகிதத்தை நீட்டினேன். 'இது உங்க வாக்குமூலம்தானே, கொஞ்சம் படிச்சுக் காட்டுங்க'ன்னேன். சட்டைப் பையிலேருந்து கண்ணாடியை எடுத்து மாட்டினான். படிக்கிற கண்ணாடி. மடமடன்னு படிச்சான். முடிச்ச அடுத்த நொடி, மூச்சு விட விடல. 'ரொம்ப நல்லா இருக்கு. அப்படியே அந்தக் கடைசிச் சுவர்ல ஒரு பலகை தொங்குதே, அதையும் படிங்க'ன்னேன்!"

மச்சான் முன்கூட்டியே சிரிக்க ஆரம்பித்திருந்தார்.

"படிக்கிற கண்ணாடியைப் போட்டுக்கிட்டுத் தூரத்துல பார்த்தா என்ன தெரியும்? எல்லாம் புகைமூட்டம். அதைக் கழட்டிட்டுப் பார்க்கணும்னு அந்த ஆளுக்குத் தோணவே இல்ல! கண்ணைச் சுருக்குறான், கழுத்தை நீட்டுறான்..." வக்கீல் மேசை விளிம்பைக் கூண்டின் கம்பியாகப் பிடித்துக்கொண்டு, கண்ணை இடுக்கி, கோழி மாதிரி கழுத்தை முன்னுக்கும் பின்னுக்கும் ஆட்டினார். "தெ... தெரியலீங்க ஐயா! அவ்வளவுதான். நான் ஒரு வார்த்தை பேசல. நீதிபதியைப் பார்த்தேன், உக்காந்துட்டேன். கேஸ் முடிஞ்சது."

வழக்கமாக இந்த இடத்தில் சிரிப்பு வெடிக்கும். இன்று மச்சானின் சிரிப்பு மட்டும் தனியாகக் கிளம்பி, துணையில்லாமல் பாதியில் நின்றது. பையனின் முகத்தில் ரத்தம் வற்றியிருந்தது. அவனுடைய அம்மா கையிலிருந்த டம்ளரை மேசையில் வைக்க இடம் தேடுகிறவள்போல அந்தரத்தில் பிடித்திருந்தாள். சரியாகச் சொல்லவில்லையோ என்று வக்கீலுக்குச் சந்தேகம். இன்னொரு தடவை கழுத்தை ஆட்டிக் காட்டினார்.

"அந்தப் பலகையில என்ன எழுதியிருந்துச்சு சார்?" என்று கேட்டார் பையனின் அப்பா.

"பலகையிலயா? என்னமோ... ஞாபகம் இல்லையே, சம்பந்தி."

"'அமைதி காக்கவும்.'" அவர் தட்டின் ஓரத்தில் கையைத் துடைத்துக்கொண்டார். "கூண்டுலேருந்து இறங்குறப்போ கண்ணாடியைக் கழட்டிப் பையில போட்டேன். நிமிர்ந்தா பலகை பளிச்சுன்னு தெரிஞ்சுது. திரும்ப ஏறிப் படிக்கட்டுமான்னு கேக்க வாயெடுத்தேன். அடுத்த சாட்சியைக் கூப்பிட்டுட்டாங்க."

வக்கீலின் கை இன்னும் மேசை விளிம்பைப் பிடித்திருந்தது. மீசையையும் தலைமுடியையும் காக்கிச் சட்டையையும் அந்த ஒல்லி உடம்பின்மேல் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார். முக்கால் மணி நேரம் நேருக்கு நேர் பார்த்த முகம். எந்த இடத்தில் அடித்தால் விழும் என்று மட்டுமே பார்த்திருந்ததால் முகம் மனதில் நிற்கவில்லை.

"அப்பா" என்றான் பையன். "தெரிஞ்சேதான் வந்தீங்களா?"

"பொண்ணோட அப்பா பேரை நீ சொன்ன அன்னைக்கே தெரியும். சொன்னா நீ இந்த வீட்டுப் படி ஏறியிருக்க மாட்டே. உனக்குப் பிடிச்ச பொண்ணு. நான் எதுக்கு நடுவுல?" அவர் எழுந்து வக்கீலின் மனைவியைப் பார்த்துக் கைகூப்பினார். "சாப்பாடு ரொம்ப நல்லா இருந்துச்சும்மா. நாங்க கிளம்புறோம்."

யாரும் கத்தவில்லை. கத்தியிருந்தால் வக்கீல் சமாளித்திருப்பார். கத்துகிறவர்களைச் சமாளிப்பதுதான் அவர் தொழில். அவர்கள் செருப்பை மாட்டிக்கொள்ளும் சத்தத்தைக் கேட்டபடி அவர் அந்த மேசையருகில் கூண்டில் நிற்பதுபோலவே நின்றார்.

மச்சான் முதல்முறையாக, "நான் வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கணும்" என்று சொல்லிவிட்டுத் தொப்பியைத் தேடினார். தொப்பி அவர் கையிலேயே இருந்தது.

மனைவி தட்டுகளை அடுக்கினாள். "நாப்பது தடவை கேட்டிருப்பேன் இந்தக் கதையை. நாப்பது தடவையும் சிரிச்சேன். அந்த டிரைவருக்கு ஒரு வீடு இருக்கும், பொண்டாட்டி இருப்பான்னு ஒரு தடவைகூட எனக்குத் தோணல. உங்களைச் சொல்லி என்னங்க? எனக்கே என் மூஞ்சியைப் பார்க்கப் பிடிக்கல."

மகள்தான் எதிரில் வந்து உட்கார்ந்தாள். அழுதிருந்தாள், ஆனால் குரல் நிதானமாக இருந்தது. அந்த நிதானம் அவரிடமிருந்து வந்தது.

"அப்பா, அவனோட அப்பாவை ஸ்கூல்ல குருட்டு டிரைவர்னு சொல்வாங்களாம். அதனாலதான் அவன் கண்ணு பத்திப் படிச்சான். வருஷா வருஷம் அவர் கண்ணைச் சோதிச்சுப் பார்த்துட்டு, ஒரு குறையும் கிடைக்கலையேன்னு என்கிட்ட புலம்புவான். உங்க கதையோட சேர்த்துப் பார்க்க எனக்கும் தோணல. அவர் எப்படி மாட்டிக்கிட்டார்னு வீட்டுல சொல்லவே இல்ல. இவ்வளவு சின்ன விஷயத்துல ஏமாந்தேன்னு சொல்ல வெக்கமாம். இன்னைக்கு உங்க வாயாலதான் கேட்டிருக்கான்."

"நான் அந்த அம்மாவுக்காக வாதாடினேன்மா. கால் போனவங்க..."

"அது சரி. எனக்கு ஒண்ணே ஒண்ணு புரியல. எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, 'கண்ணாடியைக் கழட்டிட்டுப் படிங்க'ன்னு சொல்லியிருந்தா முடிஞ்சிருக்குமே. ஏன் சொல்லல?"

நாற்பது தடவை சொன்ன கதையில் இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. மச்சான் கேட்டதில்லை. பாடமாகக் கேட்ட ஜூனியர்கள் கேட்டதில்லை. எக்ஸ்ரே எடுக்கிற பெண் கேட்டுவிட்டாள்.

"அவருக்குத் தோணலையோ என்னவோ" என்றார். பொய் சொன்னால் மகளுக்குத் தெரியும். அவள் எழுந்து போனாள்.

அன்று சாயங்காலமே அவர் அலுவலகத்தின் பின்னறைக்குப் போனார். பழைய கட்டுகள் கூரைவரை அடுக்கியிருந்தன. துணி தேய்க்கும் பெண்மணியின் கட்டு எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருக்கவில்லை. ஜெயித்த வழக்குகளில் அதற்குத் தனி மரியாதை, கைக்கு எட்டும் தட்டு. அதன் அடியில் ஒரு பழுப்பு உறை. உறைக்குள் மூன்று சீட்டுகள். அவை இருக்கும் என்று அவருக்குத் தெரியும். இருந்தாலும், எப்படியாவது இல்லாமல் போயிருக்கக் கூடாதா என்று அந்தக் கடைசி நொடிவரை ஆசைப்பட்டார்.

பஸ் டிப்போவில் டிரைவர்கள் எழுதிப் போடும் புகார்ச் சீட்டு. வண்டி எண், தேதி, கையெழுத்து. *பிரேக் மிதித்தால் தாமதமாகப் பிடிக்கிறது. பார்க்கவும்.* இரண்டாவது: *முன்பே எழுதினேன். இன்னும் பார்க்கவில்லை.* மூன்றாவது, விபத்துக்கு இரண்டு நாள் முன்பு: *சரிவில் பயமாக இருக்கிறது. தயவுசெய்து வண்டியை நிறுத்தவும்.*

வழக்கின்போது கம்பெனி கொடுத்த முந்நூறு பக்கக் காகிதத்தில் அவை தவறிச் சிக்கியிருந்தன. அன்று அவற்றைப் பார்த்ததும் அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சீட்டுகள் கைமாறியதை அதற்குள் தெரிந்துகொண்ட கம்பெனி வக்கீல் அன்று மாலையே தாழ்வாரத்தில் தோளில் கை போட்டார். "பிரேக்கைத் தொட்டீங்கன்னா நாங்க இன்ஜினியர்களைக் கூட்டிட்டு வருவோம். உங்க கட்சிக்காரம்மா இன்னும் நாலு வருஷம் நடக்கணும், அதுவும் ஒத்தைக் காலோட. டிரைவர் தப்புன்னு ஆச்சுன்னா முதலாளிங்கற முறையில நாங்கதானே கொடுக்கப் போறோம். நான் குறுக்கே வர மாட்டேன்." பிரேக் என்று ஆகிவிட்டால் கம்பெனியின் எல்லா வண்டியையும் நிறுத்தச் சொல்வார்கள். டிரைவர் என்று ஆனால் ஓர் ஆளை நிறுத்தினால் போதும். இரண்டு வக்கீல்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கைகூடக் குலுக்கவில்லை. அதனால்தான் மறுநாள் கண்ணாடியைக் கழட்டச் சொல்ல யாரும் எழவில்லை.

அந்தப் பெண்மணிக்கு ஆறே மாதத்தில் செயற்கைக் கால் கிடைத்தது. தான் செய்தது சரி என்று தனக்குத்தானே தீர்ப்பு எழுதி, உறையை அடியில் வைத்தார். கிழித்துப் போட மட்டும் மனம் வரவில்லை. பிறகு அந்த உறையை மறைக்கத்தான் கதை வளர்ந்தது. முதல் வருஷம் கழுத்தை மட்டும் ஆட்டினார். மூன்றாவது வருஷம் டிரைவரின் குரலில் திக்கியும் காட்டினார்.

செவ்வாய்க்கிழமை காலை மகளிடம், "அவங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறியா?" என்று கேட்டார். அவள் சாவியை எடுத்தாள். மூன்று மாடிக் கட்டடம். "நான் மேலே வரல. வந்தா எனக்காக அவங்க விட்டுக்கொடுப்பாங்க" என்று வண்டியிலேயே இருந்துகொண்டாள்.

இரண்டு அறை வீடு. தையல் மெஷினில் பாதி தைத்த சட்டை கிடந்தது. பையன் வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்தான். அவனுடைய அம்மா கதவைத் திறந்தாள். அவரைப் பார்த்ததும் சமையலறைக்குள் போனாள். டிரைவர் தன் நாற்காலியை அவருக்கு இழுத்துப் போட்டுவிட்டுத் தான் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார்.

வக்கீல் மன்னிப்புக் கேட்டார். எத்தனையோ பேருக்கு மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தவர், சொந்தமாக ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாமல் மூன்று தடவை முதலிலிருந்து ஆரம்பித்தார்.

"விடுங்க சார்" என்றார் டிரைவர். "உங்க தொழில் அது. ஓட்டுறவன் ஓட்டுறான், வாதாடுறவன் வாதாடுறான். அந்தம்மாவுக்கு உதவி கிடைச்சுதே. ஞாயித்துக்கிழமை நானும் அப்படிப் பேசியிருக்க வேண்டாம். சாப்பிட்ட வீடு."

"ஐயோ, நீங்க..."

"பிள்ளைங்க கல்யாணத்தை இதோட முடிச்சுப் போட வேண்டாம்னு இவன்கிட்டயும் சொல்லிட்டேன். ஒரு நாள் முழுக்க மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டிருந்தான். இப்போ பரவாயில்ல. பொண்ணு தங்கமான பொண்ணு. அத்தை அத்தைன்னு இவகிட்ட போன்ல ஒரு மணி நேரம் பேசுது."

பையன் ஜன்னலோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

வந்த காரியம் முடிந்துவிட்டது. இவ்வளவு சுலபமாக முடியும் என்று வக்கீல் எதிர்பார்க்கவே இல்லை. எழுந்து கைகூப்பினால் போதும். மகளின் கல்யாணம் நடக்கும். மடியில் இருக்கும் பையை அவர் திறக்கவே இல்லை. திறக்காமலே கீழே இறங்கிவிடலாம். அந்த உறை இருப்பது உலகத்தில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். கம்பெனி வக்கீல் செத்து நாலு வருஷம் ஆகிறது.

"உங்க பெருந்தன்மை..." என்று சொல்லிக்கொண்டே அவர் எழுந்தேவிட்டார்.

"ஒண்ணுதான் சார் மனசைக் குடையுது" என்றார் டிரைவர். அவரைப் பார்த்துச் சொல்லவில்லை, தன் கைகளைப் பார்த்துச் சொன்னார். "நீங்க சட்டம் தெரிஞ்சவர், அதனால கேக்கிறேன். பிரேக் சரியில்லைன்னு நான் எழுதிக் கொடுத்தேன். மூணு தடவை. அப்படி ஒரு சீட்டே இல்லைன்னுட்டாங்க. டிப்போ புஸ்தகத்தைக் காட்டினாங்க, அதுல இல்ல. கண்ணு நல்லா இருந்துச்சுன்னு இப்போ இவனுக்கும் தெரிஞ்சு போச்சு. அப்போ வண்டி ஏன் ஏறிச்சு? முந்தாநாள் ராத்திரி இவன் கேட்டான். என்ன சொல்றது? வருஷம் ஆக ஆக எனக்கே குழப்பமா இருக்கு. நிஜமாவே எழுதினேனா, எழுதணும்னு நினைச்சுட்டு மறந்துட்டேனா? மறந்திருந்தா அந்தம்மா கால் என்னாலதானே போயிருக்கு? சில பேருக்கு அப்படி ஆகுமா சார்? செய்யாததைச் செஞ்சதா நம்புறது?"

வக்கீல் நின்றுகொண்டிருந்தார். ஆகும் என்று சொல்லலாம். கோர்ட்டில் எத்தனை சாட்சிகளை அப்படிச் சொல்லியே கவிழ்த்திருக்கிறார். "மனுஷ ஞாபகம் அப்படித்தாங்க" என்று பரிவோடு ஒரு வார்த்தை சொன்னால், இவர் அதையும் நம்பிவிடுவார். அவர் சொன்ன எதையும் நம்புகிற மனிதர் இவர். அதுதான் பயங்கரமாக இருந்தது.

அவர் திரும்ப உட்கார்ந்து பையைத் திறந்தார்.

"நீங்க மறக்கல" என்றார். "மூணு தடவை எழுதியிருக்கீங்க."

உறையை நீட்டினார். டிரைவர் வாங்கவில்லை. அது என்னவென்று புரியாதவர்போல அதையே பார்த்தார். பையன் வந்து வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் ஒவ்வொரு சீட்டாக உரக்கப் படித்தான். மூன்றாவது சீட்டில், பயமாக இருக்கிறது என்ற இடத்தில் அவன் குரல் உடைந்தது. படிப்பதை நிறுத்திவிட்டுத் தேதியை மட்டும் இரண்டு தடவை சொன்னான்.

"என் கையெழுத்தா?" என்று கேட்டார் அப்பா.

"உங்க கையெழுத்துதாம்பா."

வக்கீல் சொன்னார். முந்நூறு பக்கம், தாழ்வாரம், தோளில் விழுந்த கை, எல்லாவற்றையும் சொன்னார். கையை ஆட்டவில்லை, குரலை மாற்றவில்லை. நாற்பது தடவை பத்து நிமிஷம் சொன்ன கதை, உள்ளபடி சொன்னால் இரண்டே நிமிஷம்தான் வந்தது.

சமையலறை வாசலில் பையனின் அம்மா நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. "இது உங்ககிட்ட எத்தனை வருஷமா இருக்கு?" என்று கேட்டாள்.

"பதினாறு வருஷமாம்மா."

"பதினாறு வருஷம்" என்றாள் அவள். "கிடங்குல வாசல்ல நின்னு லாரி நம்பர் எழுதுற வேலைங்க இவருக்கு. மேற்பார்வைன்னு பிள்ளை கௌரவமா சொல்றான். அந்தம்மா வீட்டுத் தெருப் பக்கம் போக மாட்டார், சுத்திக்கிட்டுப் போவார். லைசென்ஸ் திரும்ப வாங்கலாம்னாங்க, மாட்டேன்னுட்டார். நானும் ஒரு நாள் கோவத்துல கேட்டுட்டேன், நிஜமா எழுதினீங்களா, இல்ல என்னை ஏமாத்துறீங்களான்னு. என்னையே கேக்க வெச்சுட்டீங்களே!"

அவள் அழவில்லை. தையல் மெஷினிலிருந்த சட்டையை உருவி எடுத்து, மடித்து, பிரித்து, திரும்ப மடித்தாள். டிரைவர் எழுந்து அவளருகே போய் அவள் கையிலிருந்த சட்டையை மெல்ல வாங்கிக்கொண்டார். பிறகு வக்கீலைப் பார்த்துத் திரும்பினார். முன்பிருந்த சாந்தம் அந்த முகத்தில் இல்லை. கூண்டில் முக்கால் மணி நேரம் அசையாமல் நின்ற ஆளை இப்போதுதான் வக்கீலுக்கு அடையாளம் தெரிந்தது.

"கண்ணாடி விஷயத்தை விட்டுட்டேன்னு சொன்னேன். அது நிஜம்தான். இதை என்னால விட முடியாது சார்."

"விடக் கூடாதுங்க" என்றார் வக்கீல். "நான் கோர்ட்டுல எழுதிக் கொடுக்கப் போறேன். என் பேர்ல என்ன நடவடிக்கை எடுத்தாலும் எடுக்கட்டும்."

"எழுதிக் கொடுங்க. ஆனா எனக்காகச் செய்றேன்னு எங்கேயும் சொல்லாதீங்க. இப்போ கிளம்புங்க."

வக்கீல் கிளம்பினார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக, அவருடைய கட்சிக்காரர்கள் இறங்குவதுபோல இறங்கினார். பாதியில் பையன் அவரை உரசாமல் தாண்டி, இரண்டு இரண்டு படியாக ஓடினான்.

அவர் தெருவுக்கு வந்தபோது அவன் வண்டி ஜன்னலில் குனிந்திருந்தான். மகள் கையில் சீட்டுகள். அவள் மூன்றையும் படித்து முடிக்கும்வரை அவர் சற்றுத் தள்ளியே நின்றார். படித்துவிட்டு அவள் தன் அப்பாவைப் பார்த்தாள். சின்ன வயதில் அவர் கோர்ட்டுக்குக் கிளம்பும்போது, 'யாருக்குக் கால் ஒட்டப் போறீங்க அப்பா' என்று கேட்பாள். அதே கண்கள்தான். ஆனால் இதுவரை பார்க்காத ஓர் ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். அவர் தலைகுனிந்துகொண்டார்.

"நீங்களாதான் கொடுத்தீங்களா? இல்ல, அவங்க கேட்டாங்களா?"

"நானாதாம்மா கொடுத்தேன்." நிறுத்தினார். "எழுந்துட்டேன். கொடுக்காமயே வந்துடலாம்னு எழுந்துட்டேன். அப்புறம்தான் கொடுத்தேன்."

அவள் தலையசைத்தாள். மன்னித்ததாகத் தெரியவில்லை. கேட்டுக்கொண்டதாக மட்டும் தெரிந்தது. கையை நீட்டிப் பக்கத்துக் கதவைத் திறந்தாள். பையன் ஒரு நொடி தயங்கினான். பிறகு சுற்றி வந்து அவளருகில் உட்கார்ந்தான்.

"நாங்க கொஞ்சம் பேசணும்பா. நீங்க பஸ்ல போயிடுங்க."

வண்டி போய்விட்டது. முனையில் பஸ் நிறுத்தம் இருந்தது. கடைசியாக எப்போது பஸ்ஸில் ஏறினோம் என்று யோசித்தார், நினைவுக்கு வரவில்லை. பஸ் வந்தது. ஏறி, எங்கே பிடித்துக்கொள்வது என்று தெரியாமல் படிக்கு அருகிலேயே நின்றார். டிரைவர் நடுத்தர வயதுக்காரர். தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் வக்கீலைப் பார்த்தார்.

"சார், அங்கே நிக்காதீங்க. சரிவு வருது. உள்ளே போய் உக்காருங்க."

"சரிங்க" என்று சொல்லிவிட்டு, வக்கீல் உள்ளே போய் உட்கார்ந்தார்.